மில்கேட் வீதியில் நடக்காதவை

மில்கேட் வீதியில் முப்பது வருடங்களாக ஒரு விபத்துகூட நடந்ததில்லை. அந்த வீதிக்கு ஆபத்து வந்ததே அதனால்தான்.

"ஒரு விபத்தும் இல்லாத வீதியில எதுக்குங்க இத்தனை தடங்கல்?" என்று கேட்டார் விரைவுத்தடத் துறையிலிருந்து வந்திருந்த அதிகாரி. குடியிருப்போர் சங்கக் கட்டடத்தின் சுவரில் வீதியின் படம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சாலையை நடைபாதை உயரத்துக்குத் தூக்கிக் கட்டிய மேடு, இரண்டு ஓரமும் சைக்கிள் பாதை, வண்டிகள் வேகமெடுக்க முடியாதபடி வீதியின் வாயைக் குறுக்கிய பூத்தொட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள்.

"இதெல்லாம் மனுசங்க வண்டி ஓட்டுன காலத்துல போட்டது. இப்ப எல்லா வண்டியும் தானா ஓடுது. குறுக்க ஆள் வராம இருந்தா அதுங்க மூணு மடங்கு வேகத்துல போகும். ரெண்டு பக்கமும் வேலி போட்டுடுவோம். நீங்க மேல பாலத்துல போயிக்கலாம். லிஃப்ட் இருக்கும். ஒரு விபத்தும் நடக்காது."

"நடக்காதுதான்," என்றார் இரண்டாவது வரிசையில் இருந்த மரகதமணி. "வீதியில மனுசங்களே இருக்க மாட்டாங்களே."

சிலர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "அம்மா, இந்த மேடு எந்த உயிரையாவது காப்பாத்துச்சுன்னு காட்டுங்க. சட்டத்துல இடம் இருக்கு. அப்புறம் நாங்க ஒரு கல்லைக்கூடத் தொட மாட்டோம்."

நடக்காததை எப்படிக் காட்டுவது? அப்போது அதிகாரியின் பக்கத்தில் இருந்த இளம் பெண் எழுந்தாள். நிலோஃபர் என்று பெயர். மாநகராட்சியின் கணிப்புப் பிரிவில் பொறியாளர்.

"நிழலோட்டம் கேட்டு மனு குடுங்கம்மா. அந்தக் காலத்துலயே எல்லார் கையிலயும் போன் இருந்துச்சு. முக்குக்கு முக்கு கேமரா இருந்துச்சு. யாரு எப்ப எந்தப் பக்கம் போனாங்கங்கறது எல்லாம் இன்னும் சேமிப்புல கெடக்கு. அதை வெச்சு உங்க வீதியைக் கம்ப்யூட்டருக்குள்ள மறுபடி ஓட விடுவோம். ஒரே ஒரு மாத்தம். மேடு இருக்காது, சைக்கிள் பாதை இருக்காது. பழைய அகல ரோடு அப்படியே இருக்கும். அப்ப யாருக்கு என்ன ஆயிருக்கும்னு பார்ப்போம்."

"ஒருக்கா ஓட்டிப் பார்த்தா தெரிஞ்சுருமா கண்ணு?"

"லட்சம் தடவை ஓட்டுவோம்மா. மழையைக் கொஞ்சம் முன்னாடி, லாரியைக் கொஞ்சம் பின்னாடின்னு மாத்தி மாத்தி. எப்படி ஓட்டுனாலும் ஒரே ஆள் அடிபட்டா, அந்தப் பேரைத்தான் எடுத்துக்குவோம்."

அன்றைக்கே மனு போனது.

*

மேடு வருவதற்கு முன், மரகதமணிக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. எலும்பு முறிவு ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். உடைந்து ஒட்டிய கால்களை மறுபடி நடக்கப் பழக்குவது வேலை. அந்த வருடம் அவரிடம் வந்த கால்களில் பாதி மில்கேட் வீதிக் கால்கள். மில் மூடிய பிறகு வீதியைப் புறவழிச் சாலையோடு இணைத்துவிட்டிருந்தார்கள். பாலக்காட்டுப் பக்கம் போகும் கார்களும் தண்ணீர் லாரிகளும் குறுக்கு வழியென்று உள்ளே புகுந்து பறந்தன. எதிர்வீட்டுச் சிறுவன் மிதுனின் அப்பா கம்பிகளைப் பிடித்துக்கொண்டு முதல் அடி எடுத்து வைத்த நாளில், "நான் ரோட்டுக்கே போகலீங்க மேடம், எங்க வாசல்லதான் நின்னுட்டிருந்தேன்" என்று சொல்லி அழுதார். அன்று மாலையே மரகதமணி வீடு வீடாக ஏறி இறங்கினார்.

அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் அவருக்கு உடம்பு இலேசாகும். யாருக்கும் ஒன்றும் தெரியாது. எல்லோருக்கும் உற்சாகம் மட்டும் இருந்தது. மில் கிடங்கிலிருந்து ஒரு பழைய நூல் கயிற்றை வாங்கி, காலையில் பிள்ளைகள் எல்லோரையும் அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, முன்னால் ஒரு அம்மாவும் பின்னால் ஒரு அப்பாவுமாகப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள். பிள்ளைகள் அதற்கு 'ரயிலு' என்று பெயர் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பெஞ்சுகளைக் குறுக்கே போட்டு வீதியை மூடினார்கள். நாற்பது வயதுப் பெண்கள் சுடிதாரை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிள் பழகினார்கள், விழுந்தார்கள், விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். பள்ளி வாசலில் சாலையைக் கடக்க வரிக்கோடு போடச் சொல்லி மாநகராட்சிக்கு நடந்து அலுத்துப்போய், சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயிண்டில் தாங்களே போட்டுவிட்டார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரருக்கு டீயும் தேங்காய் பன்னும் கொடுத்துப் பேசி அனுப்பியவர் சென்னியப்பன்.

நியூ மலர் பேக்கரி அவருடையது. வீதியின் நடுவில், மேடு இப்போது இருக்கும் இடத்துக்கு எதிரில் இருந்தது. ரயிலு போகும்போது சூடான பன்னைப் பிய்த்துப் பிள்ளைகளின் கையில் திணிப்பார். "எஞ்சினுக்குக் கரி போட வேண்டாமா?" என்பார். சனிக்கிழமை மாலையானால் மரகதமணி அவர் கடையில்தான் இருப்பார். அடுத்த வாரம் யாரிடம் மனு கொடுப்பது, எந்தப் பெற்றோரை இழுப்பது என்பதெல்லாம் அங்கே கண்ணாடி அலமாரியின் மேல் முழங்கை ஊன்றித்தான் முடிவாகும்.

மாநகராட்சி கடைசியில் மேடும் சைக்கிள் பாதையும் கட்ட ஒப்புக்கொண்டு, வண்டி நிறுத்தத்தை எடுக்கவேண்டும் என்ற பேச்சு வந்தபோது எல்லாம் முறிந்தது. சைக்கிள் பாதைக்கு வேறு இடம் இல்லை.

"அம்மிணி, கொழந்தைக நடக்கட்டும், நான் வேண்டாங்கல. ஆனா காரு நிக்க எடமில்லீன்னா எங்கடைக்கு எவன் வருவான்?" என்று கூட்டத்தில் கேட்டார் சென்னியப்பன்.

"சனங்க நடந்து வருவாங்கண்ணா. நடந்து வர்றவங்கதான் நின்னு வாங்குவாங்க."

மரகதமணி அதை மனதார நம்பினார். மளிகைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் அப்படியேதான் ஆனது. ஆனால் பேக்கரியின் வியாபாரம் வழிப்போக்குக் கார்களில் இருந்தது. அவை புறவழிச் சாலையிலேயே வேறு கடையைப் பார்த்துக்கொண்டன. பாதை முடிந்த நாளிலிருந்து சென்னியப்பன் மரகதமணியோடு பேசவில்லை. மரகதமணியும் அந்தக் கடைப் படி ஏறவில்லை. இரண்டு வருடத்தில் பேக்கரி மூடியது. அப்புறம் அவர் உக்கடத்தில் யாரோ ஒருவர் கடையில் அடுப்படி வேலைக்குப் போனார். வீட்டை மட்டும் விற்கவில்லை. எதிரில் மரகதமணி வந்தால், அவள் முன்னின்று கட்டவைத்த அதே மேட்டில் ஏறி அந்தப் பக்கம் போய்விடுவார்.

*

நிழலோட்டத்தின் முடிவைச் சொல்ல நிலோஃபர் வீட்டுக்கே வந்தாள்.

"மூணு பேரும்மா. எப்படி ஓட்டுனாலும் மூணு பேர் செத்திருப்பாங்க."

மரகதமணி கண்ணை மூடிக்கொண்டார். மனதுக்குள் கயிறு வரிசையாகப் போனது. ஒவ்வொரு முகமாக வந்தது. "யாரு கண்ணு?"

"எனக்கே தெரியாது. பூட்டித்தான் வெச்சிருக்கும். தெரிஞ்சவங்க நல்லா இருக்கறதில்லைம்மா." நிலோஃபர் தண்ணீர் டம்ளரைக் கையில் உருட்டினாள். "வேற ஊர்ல முதல்ல பேரைச் சொல்லிட்டாங்க. ஒருத்தர் ஆபீஸ் போறதை விட்டுட்டு தினமும் அந்த முக்குல போய் நிக்க ஆரம்பிச்சுட்டார். ஒரு அம்மா, தான் சாப்பிடறது அடுத்தவங்க சோறுன்னு சொல்லிச் சாப்பாட்டையே குறைச்சுட்டாங்க. மீந்தவங்கன்னு இப்ப டாக்டர்ங்க பேரே வெச்சுட்டாங்க."

"அப்புறம் எப்படி நிரூபிக்கிறது?"

"அந்தக் காலத்துல இந்த வீதியைக் கடந்த எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்தி போயிருக்கும். 'உங்கள் பெயர் இருக்கிறதா என்று அறிய விருப்பமா?' திறக்கறதும் திறக்காததும் அவங்க இஷ்டம். மூணு பேர்ல ஒருத்தர் விசாரணைக்கு வந்து, அது நான்தான்னு சொல்லணும். பேரில்லாத உயிரைச் சட்டம் எண்ணாதும்மா."

விசாரணைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. மரகதமணி மறுபடி வீடு வீடாகப் புறப்பட்டார்.

தன்விகா சின்ன வயதில் கயிற்றின் கடைசிப் பிடியை யாருக்கும் விட்டுக்கொடுக்காத பெண். இப்போது ஒரு கல்லூரியில் ஆசிரியை. "நம்ம வீதிக்காகத் திறக்கறேன் ஆன்ட்டி" என்று போனிலேயே திறந்தாள். பெயர் இல்லை. இல்லை என்று தெரிந்ததும் அப்படி ஓர் அழுகை.

மிதுன் அதே எதிர்வீட்டில்தான் இருந்தான். இரட்டைப் பெண் குழந்தைகள். வாசலில் அவர்களுக்குச் சைக்கிள் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் மாறிவிட்டது.

"நீங்க கேட்டா கிட்னியைக்கூடக் குடுப்பேன் மணி ஆன்ட்டி. இதைக் கேக்காதீங்க."

"ஒரு பேருதானே மிதுன்."

"எங்கப்பா கால் சரியாயி நடந்தாரு. நீங்கதான் நடக்க வெச்சீங்க. ஆனா சாகற வரைக்கும் அவரு இந்த வாசல்ல வந்து நிக்கல. உங்களுக்குத் தெரியுமா? சன்னல் வழியாத்தான் எங்களைப் பார்ப்பாரு. அது நடந்த விபத்து. நடக்காத விபத்து என்னையும் அப்படி உள்ள தள்ளிருச்சுன்னா, இதுகளுக்கு யாரு சைக்கிள் பிடிக்கறது?"

மரகதமணி குழந்தைகளின் தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு யாரிடமும் கேட்கவில்லை. பிள்ளைகளை ஒருவர் விடாமல் அக்கரை சேர்த்துவிட்டதாக இத்தனை வருடம் ஒரு நிறைவு இருந்தது. இப்போது அதே பிள்ளைகளை நடுரோட்டுக்குக் கூப்பிடுகிறோமே என்று இருந்தது. வீதி போனால் போகட்டும் என்றுகூடத் தோன்றியது.

*

விசாரணைக்கு முந்தின நாள் காலை கேட் திறக்கும் சத்தம் கேட்டது. சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தார். கைத்தடி ஊன்றி, சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டு, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வந்தவர்போல. முப்பது வருடத்தில் அவர் அந்த கேட்டைத் தொட்டதில்லை.

"வாங்கண்ணா," என்றார் மரகதமணி. வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

உட்கார்ந்தார். காப்பி வந்தது, குடித்தார். பிறகு போனை எடுத்து டேபிள் மேல் வைத்தார். "நான் திறந்துட்டேன் அம்மிணி. நேத்தே. என்ற பேரு இல்ல."

"நல்லதாப் போச்சுங்கண்ணா."

"என்ன நல்லது?" அவர் குரல் கம்மியது. "எம்பேரு இருக்கோணும்னு சாமியைக் கும்பிட்டுட்டுத் திறந்தேன். இருந்திருந்தா, சரி, கடை போச்சு, உசுரு மிஞ்சுச்சு, கணக்கு நேராப் போச்சுன்னு இருந்திருப்பேன். இப்ப அதுவும் இல்ல. கடை சும்மாவே போயிருக்குது."

"அண்ணா, நடந்து வருவாங்கன்னு நான் நெசமாத்தான் நெனச்சேன்."

"எனக்குத் தெரியாதா? நீ பொய் சொல்றவளா இருந்தா கோவம் என்னைக்கோ ஆறிப் போயிருக்கும்." காப்பி டம்ளரைத் தள்ளி வைத்தார். "அது கெடக்குது. நீ உன்றதைத் திறந்தியா?"

மரகதமணி விழித்தார். அப்படி ஒரு நினைப்பே அவருக்கு வந்ததில்லை. அந்த வீதியைப் பற்றிய நினைவுகளில் எல்லாம் அவர் ஓரத்தில் நிற்பவர். கையைத் தூக்கி வண்டியை நிறுத்தி, மற்றவர்களைக் கடக்க வைப்பவர். அடிபடுகிறவர்களின் பக்கம் தன்னை வைத்துப் பார்த்ததே இல்லை.

"நானெல்லாம்..." என்று ஆரம்பித்தார்.

"ஊரெல்லாம் கேட்டுட்டு வந்தியாமா. உன்றதைத் திற."

போனில் அந்தச் செய்தி படிக்கப்படாமலே கிடந்தது. மரகதமணி விரலை வைத்தார்.

பெயர் இருந்தது.

கீழே சில வரிகள். பாதை முடிந்ததற்கு அடுத்த கார்த்திகை. சனிக்கிழமை மாலை, மழை. புறவழிச் சாலையிலிருந்து திரும்பிய தண்ணீர் லாரி. இடம்: நியூ மலர் பேக்கரிக்கு எதிரில், சாலையைக் கடக்கும்போது.

அவர் அதைச் சத்தமாகப் படித்தார். சென்னியப்பன் மெல்ல முன்னால் குனிந்தார்.

"என்ற கடைக்கு வந்திருக்கே."

"சனிக்கிழமையில்லைங்களா அண்ணா. வழக்கம்போல வந்திருப்பேன். மேடு வராம இருந்திருந்தா நமக்குள்ள சண்டையும் வந்திருக்காதே."

சென்னியப்பன் அதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். "அப்படீன்னா," என்றார், "நீ அன்னிக்கி ரோட்டுல கால் வெக்காம இருந்ததுக்கு என்ற கோவந்தான் காரணமாட்ட இருக்குது."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மரகதமணி எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சும்மா போகல அம்மிணி," என்றார் கடைசியில், துண்டுக்குள்ளிருந்து. "கடை சும்மா போகல."

அவர் போன பிறகு நிலோஃபரைக் கூப்பிட்டு, சண்டையால் தப்பியது கணக்கில் சேருமா என்று கேட்டார் மரகதமணி. "மேடு வந்ததாலதானேம்மா சண்டை? சேரும்" என்றாள் அவள். பிறகு, தயங்கி, "நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

நன்றாகத்தான் இருந்தார். ஒரு கணக்கு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் கார்த்திகைக்கு அடுத்த ஆண்டு, கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து, மகள் வெண்பா பிறந்தாள்.

ஓசூரில் இருந்த அவளுக்குப் போன் போட்டார். வேண்டுமென்றே வேறெதையோ பேசினார். சாப்பிட்டாயா, அங்கே மழையா என்றெல்லாம். வெண்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அம்மா, பேரைத் திறந்துட்டீங்களா?" என்றாள்.

"ஆமா."

"இருக்கா?"

"இருக்கு கண்ணு." தேதியையும் சொன்னார். மறைத்துப் பிரயோசனமில்லை; நாளைக்கு எல்லோரும் கேட்கப்போவது.

மகள் கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது. "நீ வேண்டாம்னா நான் நாளைக்கி எந்திரிச்சுச் சொல்ல மாட்டேன் வெண்பா. வீதியைவிட நீதான் எனக்கு."

"நான் கிளம்பி வர்றேன்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

*

விசாரணை அதே சங்கக் கட்டடத்தில். உட்கார இடமில்லாமல் சனம் சுவரோரமாக நின்றது. மிதுன் தன் இரண்டு பெண்களோடு கதவருகில் நின்றான். அவன் கடைசிவரை திறக்கவில்லை; அவனை யாரும் கேட்கவுமில்லை.

"காப்பாற்றப்பட்டவர் யாராவது முன்வருகிறீர்களா?" என்று தீர்ப்பாயத் தலைவர் கேட்டார்.

மரகதமணி எழுந்தார். பெயரைச் சொன்னார். அதற்குமேல் பேசத் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. கூட்டத்தில் யாரோ "அய்யோ, மணியக்காவா?" என்றது கேட்டது.

அவருக்குப் பக்கத்தில் இன்னொருத்தியும் எழுந்து நின்றாள். விடியற்காலை ரயிலில் வந்து இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேரே வந்திருந்தாள்.

விரைவுத்தட அதிகாரி தன் திரையைப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"வெண்பா. இவங்க பொண்ணு."

"உங்க பேரு இதுல இல்லீங்களே."

"இருக்காது சார். அந்த ஓட்டத்துல நான் பொறக்கவே இல்லை."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அவர் பக்கத்தில் நிலோஃபர் எழுதுவதை நிறுத்தியிருந்தாள். கயிற்றைப் பிடித்து நடந்த பிள்ளைகள் பலர் அந்த அறையில் நடுவயதுக்காரர்களாக நின்றிருந்தார்கள். கூட வந்திருந்த தங்கள் பிள்ளைகளை அவர்கள் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்கள்.

பகலுக்குள் தீர்ப்பு வந்துவிட்டது. மேடும் பாதையும் இருந்தபடி இருக்கும். வேலி கிடையாது.

வெளியே வந்ததும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். சென்னியப்பன் வீதியின் அந்தப் பக்கம் கைகாட்டினார். "பழைய எடத்துல இப்ப எவனோ டீக்கடை போட்டிருக்கான். வா அம்மிணி. வெண்பாவையும் கூட்டிக்க."

மரகதமணி மேட்டின் விளிம்பு வரை போனார். எத்தனையோ ஆயிரம் தடவை கடந்த இடம். தானியங்கி வண்டிகள் இருபுறமும் மெதுவாகி நின்று காத்திருந்தன. அவருக்குக் கால் எழவில்லை. உடைந்து ஒட்டிய கால்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்ததெல்லாம், எடையை முன்னால் கொண்டுபோ, தரையைப் பார்க்காதே, எல்லாம் நினைவிருந்தது. கால் மட்டும் எழவில்லை. மழை இல்லை, லாரி இல்லை, வெயில் பளீரென்று அடித்தது. ஆனாலும் உள்ளங்கை வியர்த்தது. நிலோஃபர் சொன்னது இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தார். இனிமேல் இப்படித்தான் இருக்குமோ என்னவோ.

வெண்பா ஒரு கையைப் பிடித்தாள். சென்னியப்பன் தடியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, மரகதமணியின் மணிக்கட்டை இறுகப் பற்றினார்.

"அவசரமில்ல," என்றார். "வண்டிக நிக்கட்டும். நீ எப்ப வர்றியோ, அப்பப் போலாம்."

வண்டிகள் நின்றன. அவர்களும் நின்றார்கள். பின்னால் ஒவ்வொருவராக வந்து சேர்ந்து நின்றார்கள். யாரும் தள்ளவில்லை, யாரும் அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மரகதமணி முதல் அடி எடுத்து வைத்தார்.